குண்டின் மேல் போட்ட பழி

கனமானது வேண்டுமா, வேகமானது வேண்டுமா என்று லொரெட்டா கேட்டு ஐந்து நிமிடமாவது இருக்கும், நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கடையில் துப்பாக்கிப் பக்கம் நிற்கிறவள், குண்டு வாங்க வந்து ஊமையாகிப்போகிற ஆண்களை நிறையப் பார்த்திருப்பாள். ஒரு தூண்டில் சுருளைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கால் வலிக்கிறது. நேற்று சாயந்தரம் ஆறு மணிக்கு நகராட்சிக் குடிநீர் நிலையத்துக்குள் போனவன், மாற்றாள் காய்ச்சலென்று வராததால் இன்று மதியம் ஒன்றரைக்குத்தான் வெளியே வந்தேன். கையில் இன்னும் குளோரின் வாசனை, கண்ணுக்குள் மணல். வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை வேட்டை சீசன் திறக்கிறது, இன்று திங்கள், புதுக் குண்டு வாங்கி இரண்டு நாளாவது சுட்டுப் பார்க்காமல் மலைக்குப் போக முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறேன். இதையேதான் ஏப்ரலிலும் சொன்னேன், ஜூனிலும் சொன்னேன், இரண்டு தடவையும் இதே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கண்ணாடி மேல் இருப்பவற்றைப் பார்க்கிறேன். ஈயக் குண்டு, கட்டைவிரல் நுனி அளவு, தொட்டால் மெழுகு ஒட்டுகிறது. மெதுவாகப் போகும், ஆனால் எலும்பை உடைத்துக்கொண்டு போகும், நூறு கஜத்தைத் தாண்டினால் கல்லைப் போல விழ ஆரம்பிக்கும். பக்கத்தில் செம்புக் குண்டு, நுனியில் பள்ளம் வைத்தது, பார்க்க நகைக்கடைச் சாமான் மாதிரி. உள்ளே போனதும் பூப்போல விரியும் என்று டப்பாவில் படம் போட்டிருக்கிறது. துணி சுற்றிப் போடுகிற உருண்டைக் குண்டும் இருக்கிறது, மானுக்குப் போதும், எல்க்குக்குப் போதாது. எல்க் என்றால் நம் ஊர்க் கடமானைப் போலத்தான், கூட்டமாகத் திரியும், பெண் எல்க்கே கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட குண்டுகளை லொரெட்டா எடுக்கவே இல்லை, கொலராடோவில் இந்த சீசனுக்கு அது கூடாது. என்னுடையது குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்குகிற பழைய பாணித் துப்பாக்கி. ஒரே வேட்டு. அடுத்ததற்குக் கெட்டித்து முடிப்பதற்குள் விலங்கு அடுத்த சரிவில் இருக்கும். அதனால்தான் எந்தக் குண்டு என்பதில் இவ்வளவு யோசனை என்று லொரெட்டா நினைத்துக்கொண்டிருப்பாள். அப்படி நினைக்கும்படிதான் நானும் நிற்கிறேன், ஒவ்வொரு டப்பாவாக எடுத்து எடையைப் படித்து, திருப்பிப் படித்து. ஒரு வருடமாக நான் குண்டுகளைப் பற்றிப் படித்தது கொஞ்சமில்லை. எந்த ஈயம் இறுகும், எது விரியும், எத்தனை மருந்துக்கு எத்தனை அங்குலம் விழும். கேட்டால் ஒப்பிப்பேன். பொய்யைக் காப்பாற்ற இவ்வளவு படிக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன வருடம் வரை நான் கடைக் குண்டு போட்டதே இல்லை. வெர்னன் வார்த்துக் கொடுப்பான். நான் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம், அதில் பதினாறு வருடம் நானும் அவனும் ஒரே நிலையத்தில் வேலை பார்த்தோம், மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றான். நாச்சிமுத்து என்ற பெயர் முதல் நாளே அவன் வாயில் நாச் ஆகிவிட்டது, அப்புறம் நிலையம் முழுக்க நாச், ஊர் முழுக்க நாச். என்னை மலைக்கு முதலில் கூட்டிப்போனதும் அவன்தான், துணைக்கு ஆளில்லை வா என்று. பழைய கூரைத் தகடு, கார் சக்கரத்தில் ஒட்டுகிற எடைக்கட்டி, எங்கே ஈயம் கிடைத்தாலும் கொண்டுவந்து கராஜில் உருக்குவான். குளிர்காலம் முழுக்க அதுதான் அவனுக்கு. பனிக்காலம் முடியும்போது செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று என் லாக்கரில் இருக்கும், ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டு வாசலில், மேலே பென்சிலில் என் பெயர். பதினோரு வருடத்தில் ஏழு விலங்கு எடுத்தோம், ஆளுக்குப் பாதி. என் மனைவி சாந்தாமணி அதைக் காய்ந்த மிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு பள்ளிபாளையம் கோழி மாதிரி வறுத்துக் கொடுத்து, கண்ணீர் வழிய வழிய வெர்னன் தின்றிருக்கிறான். போன மார்ச்சில் பொட்டலம் வரவில்லை. போன் வந்தது. "நாச், என் குண்டு வேண்டாம் இனி. கடையில நல்லதா வாங்கிக்கோ. மனுஷன் நம்பிச் சுடற மாதிரி இருக்கணும்." நான் என்ன சொன்னேன்? சரி வெர்ன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு வாசலில் பனி அள்ளப் போனேன், அள்ளிய இடத்தையே திரும்பத் திரும்ப அள்ளிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது நாள் அது. எதை யோசித்தாலும் கடைசியில் அந்த ஐந்தாவது நாளுக்குத்தான் போய் நிற்கிறேன். நான்கு நாளாக மழையும் நடுவில் ஆலங்கட்டியும். பூட்ஸுக்குள் தண்ணீர், குதிகாலில் தோல் உரிந்து காலுறையோடு ஒட்டிக்கொண்டது. வெர்னன் முகட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தான், நான் இந்தப் பக்கம் ஆஸ்பென் மரங்களுக்கு மேலே ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். பசிகூட இல்லை. படுக்கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டுப் படுக்கை, அதில் நீல விரிப்பு, ஹீட்டர் ஓடுகிற சத்தம். அப்போது அது வந்தது. தனியாக ஒரு பெண் எல்க், மஞ்சள் இலைகளுக்கு நடுவிலிருந்து சாவகாசமாக வெளியே வந்து, பின்பக்கம் என் பக்கமாக இருக்கும்படி சாய்வாக நின்று மேய்ந்தது. தூரம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வெர்னனுக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு, எழுபது கஜத்துக்கு மேல் சுடுவதில்லை, தொலைநோக்கி இல்லாத துப்பாக்கிக்கு அதற்கு மேல் நம்பிக்கை கிடையாது. இது நூறுக்கும் மேல். அது வளைந்து வளைந்து மேய்ந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது, பதினைந்து நிமிடம் பொறுத்திருந்தால் பக்கத்திலேயே வந்திருக்கும். பொறுக்கவில்லை. ஆசையில்லை, ஆத்திரமில்லை, எதுவுமில்லை. சுட்டால் முடிந்துவிடும் என்று தோன்றியது. பட்டாலும் முடிந்தது, படாவிட்டாலும் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அப்படியே, இதே வார்த்தையில், என் மனசுக்குள் ஓடியது. அதை நினைத்தபடியேதான் விசையை இழுத்தேன். புகை கலைந்தபோது அது முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்தது என்று சொல்ல மாட்டேன், அது எதையும் பார்க்கவில்லை. பிறகு மரங்களுக்குள் போய்விட்டது.

பேண்ட் பையில் போன் அதிர்கிறது. சாந்தாமணி. "ஏனுங்க, இன்னுமா வேல முடியல? சோறு எடுத்து வெச்சு ஆறிப்போச்சு." கடையில் இருக்கிறேன், குண்டு பார்க்க வந்தேன் என்கிறேன். "இப்பவுமா? பத்தொம்பது மணி நேரத்துக்கு மேல நின்னுட்டு அங்க போயி நிக்கறீங்களா? எதோ ஒண்ண வாங்கிட்டு வாங்க. போன வருசமாட்ட ஆயிருமோன்னு பயந்துட்டே எத்தன நாளைக்கு யோசிப்பீங்க? அவர் குண்டு சரியில்லாமப் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" நான் ம் என்கிறேன். "பாவம் அந்த மனுசன். நேத்து மார்க்கெட்ல பாத்தேனுங்க, என்னப் பாத்ததும் தக்காளியப் பொறுக்கற மாதிரித் திரும்பிக்கிட்டார். நமக்கு ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி." சரி, வருகிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்கும் தெரியாது. அவளிடமும் எழுபது கஜம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். முதலில் வெர்னனிடம் சொன்னேன், பிறகு அவளிடம், பிறகு நிலையத்தில் கேட்டவர்களிடம், சொல்லச் சொல்ல அந்த எண் திடமாகிவிட்டது. நிலையத்தில் மணிக்கொரு தடவை அளவு குறிக்கிறேன், கலங்கல் எவ்வளவு, குளோரின் எவ்வளவு, இருபது வருடம் ஆகப்போகிறது, ஒரு புள்ளி மாற்றி எழுதியதில்லை. ஆறாயிரம் பேர் குடிக்கிற தண்ணீர். அதில் பொய் எழுதக் கை வராது. அந்தக் கைதான் அன்றைக்கு நீண்டது.

சுட்ட பிறகு அது நின்ற இடத்துக்குப் போகும்போது, காலடிக்கு ஒரு கஜமாக, எண்ணிக்கொண்டே போனேன். பழக்கம். நூற்று நாற்பத்திரண்டு. கொஞ்சம் ரோமம் கிடந்தது, இலைமேல் நாலைந்து சொட்டு ரத்தம். மூச்சு வாங்கிக்கொண்டு வெர்னன் முகட்டிலிருந்து இறங்கி வந்தான், முகமெல்லாம் சிரிப்பு, சத்தம் கேட்டுச்சு, சத்தம் கேட்டுச்சு என்றான். பிறகு ரத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எங்கிருந்து சுட்ட?" என்று கேட்டான். பாறை மேலே தெரிந்தது, நிமிர்ந்து பார்த்தால் தெரியும். என் கை அதைக் காட்டவில்லை. பக்கவாட்டில் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைக் காட்டியது. எழுபது கஜம் இருக்கும். நான் தீர்மானித்துச் சொன்ன பொய் இல்லை என்று எத்தனையோ தடவை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன், களைப்பு, குளிர், கை தானாக... ஆனால் அதற்கப்புறம் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் அந்த ஆள் முழங்கால் போட்டுத் தவழ்ந்து தேடினான். ரத்தம் கிடைத்த இடத்திலெல்லாம் கழிப்பறைக் காகிதத்தைக் கிழித்துக் கிளையில் தொங்கவிட்டான், வெள்ளை வெள்ளையாக, வெறும் பாறைத் தரை வந்த இடத்தில் ரத்தத் தடம் நின்றுபோனது. அதற்குமேல் ஊகம்தான். மூன்றாம் நாள் சாயந்தரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, "என் ஈயம்தான், நாச்" என்றான். "சக்கர எடைக்கட்டியை அதிகம் கலந்துட்டேன். இறுகிப்போயிருக்கு. விரியாம ஊசி மாதிரி போயிருக்கு. எழுபது கஜத்துல நீ தப்பவிட மாட்ட." நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், மழையையும் சேர்த்து. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. எழுந்து பையை மாட்டிக்கொண்டேன்.

"நாச், நீ குண்டெல்லாம் பாத்து முடிச்சுட்டியா, இல்ல நான் போய் காபி போட்டுட்டு வரவா?" லொரெட்டா சிரிக்கிறாள். செம்புக் குண்டு டப்பாவைக் கையில் எடுக்கிறேன். சரி, இதுதான். கொடுத்துவிட்டுப் போய்ப் படுக்கலாம். ஏதோ ஒன்று. முடிந்துவிடும். அந்த வார்த்தை மனதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது, எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது, என் குரல்தான். டப்பாவை வைக்க இடம் தேடும்போது பக்கத்து அலமாரியைப் பார்த்தேன், பழைய சாமான்கள் விற்பனைக்கு வைக்கிற அலமாரி. அதில் ஒரு மரப்பெட்டி. உள்ளே இரும்புக் கரண்டி, கைப்பிடியில் துணி சுற்றிய இரண்டு வார்ப்பு அச்சுகள், ஒரு சின்ன உருக்குச் சட்டி. அந்தத் துணி வெர்னனின் பழைய வேலைச்சட்டை, நிலையத்துச் சாம்பல் நிறம், பொத்தான்கூட அப்படியே இருக்கிறது. லொரெட்டா என் பார்வையைப் பார்த்துவிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை கொண்டுவந்து வெச்சான். ஏன் வெர்ன்னு கேட்டேன். நான் செஞ்ச குண்டால ஒரு விலங்கு எங்கேயோ கிடந்து புழுத்துச் செத்திருக்கு, இனிமேல் இதைத் தொட மாட்டேங்கறான். நாப்பது வருஷமா வார்த்துட்டிருந்த ஆளு." நான் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். கனம். "இது எனக்கு வேணும் லொரெட்டா." "அப்போ குண்டு?" "குண்டு வேண்டாம்."

வண்டியில் பெட்டி பக்கத்து இருக்கையில் கிடந்து ஒவ்வொரு வளைவிலும் நகர்கிறது. வெர்னன் வீடு ஆற்றுப்பாலத்தைத் தாண்டி, ஏழு நிமிடம். எப்படி ஆரம்பிப்பது? வெர்ன், ஒரு விஷயம். வெர்ன், அன்னைக்கு நான். ஒவ்வொரு தொடக்கமும் பாதியில் நின்றுவிடுகிறது. அவன் கோபப்பட்டால் பரவாயில்லை. அவன் சிரித்துக்கொண்டு, பரவாயில்ல நாச், விடு என்று சொல்லிவிட்டால்? அதுதான் பயம். அந்த மாதிரி ஆள். என்னைச் சும்மா விட்டுவிடக்கூடியவன். திரும்பிப் போய்விடலாம், தூங்கி எழுந்து வரலாம், தூங்காத மூளை தப்பாகப் பேசும், நாளைக்கு. நாளைக்கு என்று ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். கண் இரண்டும் எரிகிறது. சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றிருக்கிறேன், பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள், போகிறேனப்பா, போகிறேன்.

கராஜ் கதவு திறந்திருந்தது. வெர்னன் புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் கையில் பெட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "அதை ஏன் வாங்கின?" என்றான். மேசைமேல் வைத்தேன். யோசித்து வைத்த எதுவும் வரவில்லை. "வெர்ன், அன்னைக்கு நான் அந்த மரத்துக்கிட்ட இருந்து சுடல. மேல பாறை இருக்கே, அங்கிருந்து சுட்டேன். நூத்தி நாப்பத்திரண்டு கஜம், நடந்து எண்ணினேன். உன் ஈயத்துல ஒண்ணுமில்ல." அவன் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. "தூரம்னு தெரிஞ்சேதான் சுட்டியா?" "தெரியும்." "ஏன்?" "களைப்பு. வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு." கோபம் வரும் என்று நின்றேன், வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. அவன் கண் என் மேல் இருந்தாலும் என்னைப் பார்க்கவில்லை, அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஸ்பானர் முனையால் தரையிலிருந்த எண்ணெய்த் தூசியில் ஒரு கோடு போட்டான். "இது பாறை. இது அந்த மரம். அது இப்படி நின்னுச்சு, பின்பக்கம் உன் பக்கமா. சரியா?" சரி என்றேன். "அவ்வளவு தூரத்துல குண்டு தாழ்ந்துடும். பின்னங்காலு. எலும்பு போயிருக்கும்." ம். "மரத்துக்கிட்ட இருந்து சுட்டதா நினைச்சு நான் நெஞ்சுல பட்டுச்சுன்னு எடுத்துக்கிட்டேன். நெஞ்சுல பட்டது அடர்ந்த மரத்துக்குள்ள ஏறிப் போய்ப் படுக்கும்னு மேல போனோம். மூணு நாளும் மேலயே." அவன் குரல் உயரவே இல்லை. "பின்னங்கால் போனது ஏறாது, நாச். ஏற முடியாது. அது இறங்கும்."

அவன் ஸ்பானர் முனையைக் கோட்டிலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினான். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வில்லோ புதர், அதற்கு நடுவில் ஓடை. அது நின்ற இடத்திலிருந்து கீழே முந்நூறு அடிகூட இருக்காது. நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் இறங்கவில்லை. "இப்ப போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டேன், கேட்டபோதே அந்தக் கேள்வியின் அசட்டுத்தனம் உறைத்தது. "ஒரு வருஷம் ஆச்சு. எதைப் பார்க்கப் போற?" வெர்னன் எழுந்தான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. பெட்டியைத் திறந்து அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மறுபடி உள்ளே வைத்தான். "இது இங்கேயே இருக்கட்டும்" என்றான். "சனிக்கிழமை நான் தனியாப் போறேன். நீ வேற யார்கூடவாவது போ, இல்ல போகாம இரு. அடுத்த வருஷத்தைப் பத்தி இப்ப என்னால சொல்ல முடியாது." சரி வெர்ன் என்றேன். நான் இந்த வருடம் போகப் போவதில்லை என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அதைச் சொல்லி அவனிடம் ஒரு நல்ல பெயர் வாங்கத் தோன்றவில்லை. திரும்பி வாசல் வரை வந்துவிட்டேன். பின்னால் அவன் குரல் கேட்டது, என்னிடம் பேசுவது போலவும் இல்லை. "அது அங்கதான் கிடந்திருக்கு. உயிரோட. அந்த ஓடைச் சத்தம் மூணு நாளும் நம்ம ரெண்டு பேருக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நாச்."